கோபுரம் மறையும் இடம்

செங்கமலம் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் அறையில் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். பேசியவர் அக்காவின் தம்பி கலியபெருமாள் அண்ணன்.

“அக்கா போயிடுச்சி எஸ்தரம்மா. காலைல ரெண்டு வாய் பால் குடிச்சிச்சி. ஏரியப் பாத்துக்கிட்டே படுத்திருந்திச்சி. தூங்குதுன்னுதான் நெனச்சேன்” என்றார். பிறகு, “நான் செஞ்சது சரிதானங்க?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

கையிலிருந்த களிமண் காய்ந்து வெள்ளையாகும் வரை அங்கேயே நின்றிருந்தேன். சூளையின் சூட்டில் முற்றத்துக் காற்று அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அக்கா தன் பலகையில் குனிந்து உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தெரிந்தது.

அக்கா இறந்தது திட்டக்குடிக்கு அந்தாண்டை, வெலிங்டன் ஏரிக்கரையை ஒட்டிய சிறிய ஊரில், அவருடைய சித்தி மகள் வீட்டில். இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். விருத்தாசலத்தில் அப்படி நினைக்க முடியாது. இந்த ஊர் எல்லைக்குள் உயிர் பிரிகிறவருக்கு மறுபிறவி இல்லை, அம்மன் முந்தானையால் விசிற, சாமியே காதில் மந்திரம் ஓதி முத்தி கொடுத்து அனுப்புகிறார் என்பது இங்கே குழந்தைகளும் அறிந்த நம்பிக்கை. அந்தக் காலத்தில் முடியாதவர்களை வெளியூர்களிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்து இங்கே படுக்க வைப்பார்களாம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, இங்கேயே வாழ்ந்தவரைக் கடைசி நேரத்தில் வெளியே கொண்டுபோனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தானே செய்வார்கள். தம்பி துரத்திவிட்டான் என்கிறார்கள். தம்பி பொண்டாட்டி தூண்டிவிட்டாள் என்கிறார்கள். பாவம், அந்த அம்மாவுக்கு வாழும்போதும் கொடுப்பினை இல்லை, சாகும்போதும் இல்லை என்று உச்சுக் கொட்டுகிறார்கள். முதல் இரண்டையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த மூன்றாவதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்காவின் அப்பாவுக்குக் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. முன்புறம் தெருவைப் பார்த்த ஓர் அறை உண்டு. முத்திக்காகக் கொண்டுவரப்படுகிறவர்களின் குடும்பம் தங்க அந்த அறையை விடுவார்களாம். சின்னப் பெண்ணாக இருந்த அக்காவுக்கு வேலை, விசிறுவதும் தண்ணீர் மொண்டு தருவதும். “நீயெல்லாம் பாப்பாவா இருக்கசொல்ல சொப்பு வச்சி வெளையாடியிருப்ப. நான் பெரியவங்களுக்கு வாயில தண்ணி வுட்டுக்கிட்டு இருந்தேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒருமுறை திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாளைக் கொண்டுவந்தார்களாம். வசதியான குடும்பம், பிள்ளைகள் சுற்றி நின்று தேவாரம் பாடினார்கள். அந்த அம்மாள் மட்டும் விசிறிக்கொண்டிருந்த சிறுமியின் கையைப் பிடித்து, “பாப்பா, என்ன வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லு. மாடு ஈனப் போவுது” என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அக்கா ஓடிப்போய் அந்த அம்மாளின் மகனிடம் சொன்னார். ஜன்னி கண்டு பிதற்றுகிறார்கள் என்று மகன் தலையைத் தடவி அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தார். முத்தி கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. காரியம் முடிந்து அந்தக் குடும்பம் வண்டி ஏறியபோது, விருந்தாளிகளிடம் சொல்லிப் பழகிய வாயோடு அக்கா வாசலில் நின்று, “போயிட்டு வாங்க” என்றாராம். அப்பாவிடமிருந்து பளாரென்று ஓர் அறை விழுந்தது. சாவு நடந்த வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்றோ ‘போயிட்டு வாங்க’ என்றோ சொல்லக் கூடாது, பேசாமல்தான் கிளம்ப வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அது அன்றுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

“அறை வாங்குனது எனக்குப் பெருசா தெரியலடி. மாடு ஈனுச்சா இல்லியான்னு கேக்காம வுட்டுட்டேன். அதான் இன்னிக்கும் இருக்குது” என்பார் அக்கா.

அவரை நல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் சில ஆண்டுகளில் வேறொரு பெண்ணோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். குழந்தை இல்லை. அக்கா தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தார். எங்கள் பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்குப் பக்கத்துப் பலகை அவருடையது. கோழி, கிளி, புறா என்று இரண்டு பாதிகளாக வரும் பொம்மைகளைக் களிமண் சாந்து பூசி ஒட்டி முழுசாக்குவது எங்கள் வேலை. ஒட்டியபின் அடியில் கம்பியால் ஒரு சிறு துளை போட வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றுக்கு வழி வேண்டும். இல்லையென்றால் சூளையில் பொம்மை வெடித்துவிடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். புதிதாக வருகிறவர்கள் மறப்பார்கள். அக்கா தன் பொம்மையை முடித்த கையோடு என் பொம்மையையும் திருப்பிப் பார்ப்பார். நான் மறந்திருந்தால், “மூச்சு வுட வுடுடி அத” என்று தானே குத்திவிடுவார்.

வாழாவெட்டி என்று அவர் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அப்படிச் சொன்ன ஒரு பெண்ணிடம் அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பேசினார். “நான் வாழறத நீ பாக்கலியா? எங்க தெருவுலதான இருக்கிற?” அவர் குரலில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்து அக்கா அளவுக்கு வாழ்க்கையை ருசித்தவரை நான் பார்த்ததில்லை. முந்திரிப்பழக் காலம் வந்தால் சாறு முழங்கை வரை வழியச் சாப்பிடுவார், ஜாக்கெட்டில் கறை படும், கவலைப்பட மாட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஜங்ஷனில் ரயில் வந்து நிற்பதைப் பார்க்கவே வேலை முடிந்து சுற்றிக்கொண்டு போவார். சினிமாவில் சண்டைக் காட்சி வந்தால் முன்சீட்டில் இருப்பவரை இடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

எங்கள் கம்பெனியில் சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். ஓர் ஆண்டு, இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும், முதலாளிக்கு உற்சாகம் வந்து, “யாராச்சும் ரெண்டு வார்த்த பேசுங்களேன். சுதந்திரம்னா என்னா, சொல்லுங்க பாப்போம்” என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு சூளைக்காரர் எழுந்து, “சூள ஆறுற அன்னிக்கு நான் வூட்ல கால நீட்டிப் படுக்குறேன் பாருங்க, அதாங்க” என்றார். பேக்கிங்கில் இருந்த பெண் ஒருத்தி, மாமியார் மகள் வீட்டுக்குப் போகும் நாள் என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடுத்து என்னைத் தள்ளிவிட்டார்கள். எங்கள் சபையில் விடுதலை என்ற சொல் விழாத ஜெபம் கிடையாது. நோயிலிருந்து விடுதலை, குடியிலிருந்து விடுதலை என்று கேட்டு வளர்ந்தவள் நான். “பாவத்துலேருந்து விடுதலை” என்றேன்.

“நீ அப்படி என்னாத்தடி பாவம் பண்ணிக் கிழிச்ச?” என்றார் அக்கா. மறுபடியும் சிரிப்பு. அவரையும் பேசச் சொன்னார்கள். அக்கா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எனக்கு என்னா வேணும்னு நான் சொல்லணும். ஊரு சொல்லக் கூடாது. அவ்ளோதாங்க” என்று உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. முதலாளி மட்டும் கொடியைப் பார்த்தபடி தலையாட்டினார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு அங்கேயே சுற்றியது. சூளைக்காரர், “நமக்கு என்னாம்மா கவல? இந்த ஊர்ல கெடக்குறோம். முத்தி தானா வந்துடும். அதுக்கு மேல ஒரு விடுதல இருக்குதா?” என்றார்.

“எனக்கு முத்தி வேணாம்” என்றார் அக்கா.

“வேணாம்னா? ஒன்ன யாரு கேட்டா? ஊருக்குள்ள செத்தா குடுத்துடுவாங்க.”

அக்கா சோற்றை உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “கேக்காமயே குடுத்துடுவாங்களா?” என்றார். அந்த முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. தவறான வண்டியில் ஏறியபின் கதவைப் பூட்டிவிட்டால் முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு, எல்லை எதுவரை என்று விசாரிக்க ஆரம்பித்தார். முனிசிபாலிட்டி போர்டு வரை என்றார் ஒருவர். அதெல்லாம் சாமிக்குத் தெரியாது, பெரிய கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் எல்லை என்றார் சூளைக்காரர். அக்காவுக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அக்கா கேட்டுக்கு எதிரே தூக்குவாளியோடு நிற்கிறார். “வா, போயி எல்லையப் பாத்துட்டு வரலாம்.” திட்டக்குடி பஸ்ஸில் கடைசி சீட்டைப் பிடித்தோம். எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் மண்டியிட்டுத் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனோம். கோபுரம் முதலில் பெரிதாக இருந்தது. பிறகு வீடுகளுக்கு மேல் மிதந்தது. புளியமரங்கள் வந்து மறைத்தன. “போச்சி” என்றார் அக்கா. மரங்கள் முடிந்ததும் மறுபடி வந்து நின்றது. பஸ் வளையும்போதெல்லாம் அது ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமுமாக எங்களோடு நடந்து வந்தது. வெயிலில் நிறம் வெளுத்து, வானத்தோடு வானமாகக் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் போயிற்று.

“தெரியலடி.”

“தெரியுதுக்கா, அதோ.”

“அது பன மரம்.”

கண்டக்டர் வந்து, “என்னாம்மா, எதனா வுட்டுட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார். “இல்லப்பா, வுட்டுட்டு வரத்தான் பாக்குறோம்” என்றார் அக்கா. ஒரு முந்திரித் தோப்பு வந்தது. அது முடிந்தபின் பின்னால் வெறும் ரோடும் வெயிலும்தான் இருந்தன. அக்கா வெகுநேரம் பார்த்து உறுதி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். அதன் பிறகு ஏரி வரும் வரை சிரித்த முகமாக வந்தார்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். அந்த வருஷம் தண்ணீர் நிறைய இருந்தது. எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்கிற கோடு எங்கோ அழிந்திருந்தது. நடுவில் ஒரு கொக்கு எதன் மேல் நிற்கிறது என்று தெரியாமல் நின்றது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தபோது அக்கா சொன்னார்: “எஸ்தரு, எனக்கு முடியாமப் போச்சின்னா என்ன இங்க கொண்டாந்துடு.”

விளையாட்டில்லை என்று குரலிலேயே தெரிந்தது. “என்னப் போயி ஏங்க்கா கேக்குறீங்க?” என்றேன்.

“ஒங்க ஆளுங்களுக்கு இந்த எல்லக் கணக்கு கெடையாது. எங்க ஆளுங்க பயப்படுவாங்க.”

“எல்லாரும் ஏங்குறது ஒங்களுக்கு மட்டும் ஏன் வேணாம்?”

அக்கா தூக்குவாளியை ஏரியில் கழுவிக்கொண்டே, “எனக்கு இன்னும் போதலடி” என்றார்.

அதன் பிறகும் எத்தனையோ முறை அந்தப் பஸ்ஸில் போயிருக்கிறோம். முந்திரித் தோப்பு தாண்டியதும் என் கையை ஒருமுறை அழுத்துவார், அவ்வளவுதான். அது எங்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. தோப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விடுதலை, அந்தப் பக்கம் ஒரு விடுதலை என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் இன்றுவரை பதில் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஆண்டு அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. வேலைக்கு வருவது நின்றது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். நான் பார்க்கப் போனபோது கட்டிலைக் கோயில் பக்கம் பார்க்கப் போட்டிருந்தார்கள். ஜன்னலில் கோபுரம் முழுசாகத் தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஏரிக்கரையில் கேட்டதைத்தான் மறுபடி கேட்கிறார் என்று புரிந்தது.

கலியபெருமாள் அண்ணன் சன்னதித் தெருவில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறார். காலையில் சாமி கும்பிடாமல் கடை திறக்க மாட்டார். அக்காவைத் தாயாக நினைத்தவர். அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? அக்காவின் ஆசையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“ஊரு ஒலகத்துலேருந்து இங்க தூக்கிட்டு வராங்க. நான் எங்கக்காவ இங்கேருந்து தூக்கிட்டுப் போவணுமா? என்னாம்மா பேசுறீங்க? நீங்க வேற சாமி கும்புடுறவங்க, ஒங்களுக்கு இது புரியாது.”

வாஸ்தவம்தான், எனக்கு வேறு சாமி. நான் எழுந்துகொண்டேன். அப்போது அக்கா கட்டிலிலிருந்து, “அவள ஏன்டா சொல்ற? நான்தான் சொன்னேன்” என்றார்.

அண்ணன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளையாட்டம் அழுதார். “ஒனக்கு என்னாக்கா கெடச்சிச்சி இந்தப் பொறப்புல? புருஷன் சரியில்ல. புள்ள இல்ல. மண்ணுலயே கெடந்த. திரும்ப வந்து இதயே படணுமா? ஒனக்கு ஒரு பொடவ கூட நான் நல்லதா எடுத்துத் தரல. இது ஒண்ணுதான் என்னால குடுக்க முடியிறது. அதயும் வேணாங்கிறியே.”

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. தம்பியின் தலையில் கையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். “பட்டேன்னு யார்றா சொன்னா? நல்லாத்தான்டா இருந்தேன். இதேதான்டா வேணும் எனக்கு. இதே மண்ணு, இதே பஸ்ஸு, இவ, நீ. ஒனக்கு அக்காவாவே பொறந்தாலும் சரிதான்.”

அண்ணன் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். கோயிலுக்குப் போயிருக்கிறார். அங்கே சாமியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். பொழுது சாய்வதற்கு முன் ஒரு வேனோடு வந்து நின்றார். அக்காவை அவரே இரண்டு கையிலும் தூக்கி வண்டியில் படுக்க வைத்தார். நானும் ஏறிக்கொண்டேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

வேன் போகும்போது அண்ணன் அக்காவின் காலடியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். கை கூப்பியே இருந்தது. பல வருஷம் நானும் அக்காவும் பார்த்ததை அன்று அவர் பார்த்துக்கொண்டு வந்தார். கோபுரம் மிதப்பதை, புளியமரங்களில் மறைவதை, திரும்ப வந்து நிற்பதை. சாயங்கால வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாக, கனவில் வருகிற ஊர் மாதிரி இருந்தது. முந்திரித் தோப்பு வந்து போயிற்று. அவர் கூப்பிய கையை இறக்கினார்.

“மறஞ்சிடுச்சிக்கா” என்றார்.

“நெசமாவா? நல்லாப் பாரு.”

“நெசமாத்தான்க்கா.”

அக்கா கையை நீட்டி அவர் விரல்களை ஒருமுறை அழுத்தினார். எனக்கு வழக்கமாகக் கிடைப்பது அது. அன்று அவருக்குக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சமும் பொறாமை இல்லை. அன்றிரவு சித்தி மகள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வேலைக்கு நான் திரும்பிவிட்டேன், அண்ணன் அங்கேயே இருந்தார். சில நாளில் அந்தப் போன் வந்தது.

அண்ணனே, போனில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேர் தங்கள் உறவுக்கு நல்லது என்று தாங்கள் நினைத்ததைச் செய்திருக்கிறார்கள். உங்கள் அக்கா கேட்டதை நீங்கள் செய்தீர்கள். அதுவும் நீங்கள் பெரிதாக நம்புகிற ஒன்றை விட்டுக்கொடுத்துச் செய்தீர்கள். செங்கமலம் அக்காவைப் பாவம் என்று சொல்லும் நல்லவர்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன்: அவர் தன் வாழ்க்கை இன்னொரு முறை வேண்டும் என்று கேட்ட மனுஷி. உங்களில் எத்தனை பேருக்கு அப்படிக் கேட்கத் தோன்றும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

சாம்பலை மணிமுத்தாற்றில் கரைப்பதுதான் எங்கள் ஊர் முறை. அண்ணன் அதை வெலிங்டன் ஏரிக்கே கொண்டுவந்தார். அதிகாலைப் பனி இன்னும் விலகவில்லை. கரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். அவர் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, பானையைச் சாய்த்தார். சாம்பல் உடனே மூழ்கவில்லை. வெண்மையாகப் படர்ந்து, பனியும் தண்ணீரும் சேருகிற இடம் வரை மெல்லப் போனது. காரியம் முடிந்தால் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் வர வேண்டும். எல்லோரும் கிளம்பத் திரும்பினோம். அண்ணன் திரும்பவில்லை.

“போயிட்டு வாக்கா” என்றார்.

சித்தி மகள் பதறிப்போய், “அய்யோ, அப்பிடிச் சொல்லக் கூடாதுண்ணே, சாவுல சொல்லக் கூடாது” என்றார். அண்ணன் தண்ணீரில் நின்றபடியே இன்னும் கொஞ்சம் சத்தமாக, அந்தக் கரைக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார்.

நானும் திரும்பி நின்று சொன்னேன். போயிட்டு வாங்கக்கா.